பிரேக்கிங் நியூஸ் வந்தா மொதல்ல வி.கே.புரத்துக்கு ஒரு போன போடுங்க

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம. எங்க பெரியப்பா வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில, தாமிரபரணி ஆத்துலருந்து ஒரு கல்ல விட்டெறிஞ்சா முத்தத்துல வந்து விழும். அன்னைக்கு காலைலருந்தே டிவில கனமழ எச்சரிக்கை ஓடுது, மேல செவப்பு பட்டை, கீழ செவப்பு பட்டை, பின்னால டம்டம்னு மியூசிக்கு. நான் போன் போட்டு "பெரியப்பா, சாமான மாடிக்கு ஏத்திட்டு நம்ம வீட்டுக்கு வந்துருங்க"ன்னு சொன்னா, "ஏலே, எவனாவது ஒரு எம்எல்ஏ தும்முனாலும் இவனுவ இதே மியூசிக்க தாம்ல போடுவானுவ, நீ ஒன் சோலிய பாரு"ன்னுட்டு போன வச்சிட்டாவ. ராத்திரி தண்ணி தார்சாவ தாண்டி பட்டாசலுக்குள்ள வந்துட்டு. பீரோ அடித்தட்டு பூரா முங்கி, வீட்டு பத்திரம் நனைஞ்ச அப்பளம் மாதிரி ஆயிட்டு.

கூத்து அதோட முடியல. மாடில போயி உக்காந்திருக்கும்போது குடும்ப குரூப்புல ஒரு வாய்ஸ் நோட்டு. "பாபநாசம் டேம் ஒடைஞ்சிட்டு, இன்னும் ஒரு மணி நேரத்துல ஜங்சனே இருக்காது, எல்லாரும் ஓடுங்க, ஓடுங்க". பேசுதது யாருன்னு பேரு கிடையாது, எந்த ஊருன்னு கிடையாது, மூச்சு வாங்குத சத்தம் மட்டும் நல்லா கேக்கு. பகல் பூரா வானிலை ஆபீஸ் சொன்னத நம்பாத பெரியப்பா இத ஒரே தடவைல நம்பிட்டாவ. பெரியம்மைய கூட்டிட்டு அந்த இருட்டுல தண்ணிக்குள்ள எறங்கி ஓடப்போறேன்னு நிக்காவ. எனக்கு இங்க பாளையங்கோட்டைல கையும் ஓடல காலும் ஓடல. அப்ப தான் வி.கே.புரம், அதான் விக்கிரமசிங்கபுரத்து மாமா ஞாபகம் வந்துச்சு, அவ்வோ வீடு டேமுக்கு கீழ தான. போன் போட்டா தூக்கக் கலக்கத்துல எடுத்து, "டேம் ஒடைஞ்சா மொதல்ல நாம்லா மாப்ள போயிருக்கணும்? தண்ணி தொறந்து விட்டுருக்காவ, சத்தம் பேய் மாதிரி இருக்கு, ஆனா டேம் நின்ன எடத்துல தான் நிக்கி, போன வையி"ன்னாவ. அத அப்படியே பெரியப்பாவுக்கு சொன்னப்பொறவு தான் மனுசன் மாடியிலயே இருந்தாவ.

ஒரே ஆளு, ஒரே நாளு, உண்மைய நம்பல, பொய்ய நம்பிட்டாவ. பெரியப்பா ஒண்ணும் கோட்டிக்காரர் இல்ல, 35 வருசம் கவர்மெண்ட் உத்தியோகம் பாத்து, தெருவுல எவனுக்கு மனு எழுதணும்னாலும் அவ்வோகிட்ட தான் வருவானுவ. அப்போ என்ன ஆச்சு? வருசம் 365 நாளும் அரசியல் செய்திய அலறி அலறி போட்டு, எது நெருப்பு எது வெறும் புகைன்னு பிரிச்சு பாக்குத அந்த புத்திய டிவியும் யூடியூபும் சேந்து தேச்சு எடுத்துட்டு. பொய்ய நம்புதத பத்தி எல்லாரும் பேசுதோம், உண்மை வரும்போது அசையாம உக்காந்திருக்கோமே அத பத்தி யாரும் பேசதில்ல. எனக்கு ரெண்டாவது தான் பயமா இருக்கு. ஏன்னா அந்த ரெண்டு நாள்ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழ, ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயிலு சுமார் 800 பேரோட தண்ணிக்கு நடுவுல நின்னுச்சு. இத மியூசிக் இல்லாம சொன்னாலே வயித்த கலக்கும். ஆனா மியூசிக்க எல்லாம் ஏற்கனவே எவனோ எவனையோ 'கிழித்தெடுத்ததுக்கு' செலவழிச்சாச்சே. வெள்ளம் வடியங்குள்ளயே, எச்சரிக்கை சரியா குடுத்தாவளா இல்லையான்னு மத்திய அரசும் மாநில அரசும் சண்ட, அதுக்கும் அதே செவப்பு பட்டை.

சரி, நான் இத படிப்படியா எப்படி சமாளிக்கேன்னு சொல்லுதேன், நீங்களும் செஞ்சு பாருங்க.

தோல உரிச்சு பாருங்க

யூடியூப்ல அரசியல் வீடியோ எதயாவது தொடுததுக்கு முன்னால தலைப்புல இருக்க உணர்ச்சி வார்த்தைய எல்லாம் ஒவ்வொண்ணா அடிச்சிருங்க. 'கதறவிட்ட', 'பதறிய', 'தெறிக்கவிட்ட', 'பகீர்', 'சற்றுமுன்', 'யாரும் எதிர்பாராத', ஆச்சரியக்குறி, தம்ப்நெயில்ல வாய பொளந்துட்டு இருக்க மூஞ்சி, எல்லாத்தையும். மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க. உதாரணத்துக்கு நானே ஒண்ணு செஞ்சு காட்டுதேன். "அமைச்சரை கதறவிட்ட எம்எல்ஏ! அதிர்ந்த சட்டசபை! பகீர் பின்னணி!" இத உரிச்சா மிஞ்சுதது, ஒரு எம்எல்ஏ கேள்வி கேட்டாரு, அமைச்சர் பதில் சொன்னாரு. என்ன கேள்வி, என்ன பதில், அது அந்த தலைப்புல எங்கயாவது இருக்கா? இல்லல்லா? அப்போ அது செய்தி கிடையாது, தேர் வராத தேரோட்டத்துக்கு அடிக்குத மேளம். பாக்கணும்னா பாருங்க, நானும் சில நேரம் சாப்பிடும்போது பாப்பேன், சினிமா பாக்க மாதிரி. ஆனா அதுலருந்து எந்த முடிவும் எடுக்கப்பிடாது.

உரிச்சப்பொறவும் விஷயம் ஏதோ இருக்க மாதிரி பட்டா, வெட்டுன துண்ட விட்டுட்டு முழு பேச்ச தேடுங்க. பார்லிமெண்ட் பேச்சுன்னா சன்சத் டிவி யூடியூப்ல முழுசா கெடக்கும். 40 நிமிசம் பேசுன ஆள 20 செகண்டுக்கு வெட்டுனா எந்த மனுசனையும் வில்லனாக்கலாம், எந்த வில்லனையும் மகானாக்கலாம். வெட்டுக்கு முந்தின ஒரு நிமிசமும் பிந்தின ஒரு நிமிசமும் பாத்தா போதும், பாதி நேரம் அந்த ஆளு "எதிர்க்கட்சிக்காரங்க இப்படி சொல்றாங்க"ன்னு சொன்ன வரிய தான் அவரே சொன்னதா போட்டிருப்பானுவ.

இதுல டிவிக்காரன மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல, கணக்கு அப்படி. மானூர் பெரியகுளத்துக்கு ஏன் தண்ணி வரலன்னு செய்தி எடுக்கணும்னா ஒரு ரிப்போர்ட்டர், ஒரு கேமராமேன், பெட்ரோலு, ஒரு நாள் பூரா அலைச்சல், அத நம்ம ஊர்க்காரன தவிர எவனும் பாக்கமாட்டான். நாலு கட்சிக்காரன ஸ்டூடியோல உக்கார வச்சு சண்ட போட விட்டா ஒரு மணி நேரம் ஓடிரும், செலவு காப்பிக்காசு. எந்த சேனல எத்தன பேரு பாக்காவன்னு சொல்லுத ரேட்டிங் கணக்குலயே கோல்மால்னு 2020 அக்டோபர்ல மும்பை போலீஸ் கேஸ் போட்டு, ரேட்டிங் குடுக்க பார்க் அமைப்பு நியூஸ் சேனலுக்கு மட்டும் ரேட்டிங்க நிறுத்தி வச்சு, 2022 மார்ச்ல தான் திரும்ப ஆரம்பிச்சாவ. அந்த ஒன்னரை வருசம் ரேட்டிங் இல்லாமலும் கத்தத் தான் செஞ்சானுவ, பழக்கம் விடுமா.

கேட்டுக்கேட்டே உண்மையாயிரும்

1977ல ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோன்னு மூணு பேரு அமெரிக்காவுல மாணவங்கள வச்சு ஒரு சோதனை பண்ணுனாவ. ரெண்டு ரெண்டு வாரம் இடைவெளி விட்டு மூணு தடவ வாக்கியங்கள குடுத்து, இது உண்மையா இருக்குமான்னு மார்க் போட சொன்னாவ. சில வாக்கியம் திரும்ப திரும்ப வரும், சிலது புதுசு. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்த வாக்கியத்துக்கு ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை கூடிட்டே போச்சு. அம்புட்டு தான் சூட்சுமம். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு மனசு சொல்லும், கேட்ட மாதிரி இருக்கதே உண்மைன்னு எடுத்துக்கிடும்.

நானே மாட்டிருக்கேன், மறைக்காம சொல்லுதேன். 2016 நவம்பர்ல புது 2000 ரூவா நோட்டு வந்தப்ப அதுல சிப்பு இருக்கு, பூமிக்கு அடியில பொதச்சு வச்சாலும் சேட்டிலைட்டு கண்டுபிடிச்சிரும்னு சொன்னானுவள்லா. வாட்சப்புல பாத்தேன், சிரிச்சேன். டீக்கடைல கேட்டேன். அப்பறம் டிவிலயும் ஓடிச்சு. நாலாவது நாளு நோட்ட டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சு சிப்பு எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்தேன். எம் பொண்டாட்டி இன்னைக்கும் அத சொல்லி சிரிப்பா. சிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, 2023 மே மாசம் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கிடுதோம்னு அறிவிச்சாச்சு.

அதனால ஒரு விஷயத்த நாலு எடத்துல பாத்தா நாலு சாட்சின்னு எடுத்துக்கிடாதீங்க. நாலு பேரும் ஒரே வாய்லருந்து கேட்டானுவளான்னு பாக்கணும். பெரும்பாலும் ஒரு யூடியூப் வீடியோ, அத பாத்து ஒருத்தன் வாட்சப்புல போட்டது, அத பாத்து டிவில "சமூக வலைதளங்களில் பரவி வரும் தகவல்"னு சொன்னது, அந்த டிவி க்ளிப்ப வெட்டி மறுபடி யூடியூப்ல போட்டது. குத்தாலத்துல அஞ்சு அருவி கொட்டும், மேல ஒரே ஆறு தான.

அடுத்து கோவம். கோவம் வந்தா அப்ப விரல ஷேர் பட்டன்லருந்து எடுத்துருங்க. அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டில மூணு பேரு, ட்விட்டர்ல 2006லருந்து 2017 வரைக்கும் ஓடுன சுமார் 1,26,000 செய்திகள ஆராய்ஞ்சு 2018ல வெளியிட்டாவ. உண்மை 1500 பேர்கிட்ட போய் சேர எடுத்த நேரம், பொய் எடுத்ததவிட ஆறு மடங்கு. அதுலயும் அரசியல் பொய்க்கு தான் கால் வேகம் ஜாஸ்தி. மெஷின் பரப்புததுன்னு தான் நானும் நெனச்சேன், ஆனா மனுசங்க தான் அள்ளி அள்ளி அனுப்பிருக்கோம், ஏன்னா பொய் புதுசா இருக்கும், ஆச்சரியமா இருக்கும், அருவருப்பா இருக்கும். சொதி சாப்பிட்டதெல்லாம் எவனும் செய்தியா அனுப்பமாட்டான், சொதில பல்லி விழுந்தா தான் அனுப்புவான்.

கார்டு, வீடியோ, கொரலு

நியூஸ் கார்டு. நம்ம தமிழ்நாட்டு அரசியல்ல இதவிட சுளுவா பொய் சொல்ல வேற வழி இல்ல. ஒரு தலைவர் போட்டோ, பக்கத்துல சேனல் லோகோ, நடுவுல அவரு சொல்லவே சொல்லாத ஒரு வரி, முடிஞ்சு போச்சு சோலி. அல்வாக்கடைக்கு ஒரே மாதிரி பேர்ல பத்து போர்டு தொங்குத ஊர்ல வளந்தவனுக்கு போர்ட பாத்து ஏமாறாதன்னு சொல்லியா குடுக்கணும், ஆனா லோகோவ பாத்தா நாமளும் மயங்கிருதோம். செய்ய வேண்டியது இது தான், கார்டுல இருக்க தேதிய பாருங்க, அந்த சேனலோட சொந்த பேஜுல அதே தேதிக்கு போங்க, அங்க அந்த கார்டு இருக்கான்னு பாருங்க. எழுத்தோட வடிவம், சந்திப்பிழை, தேதி எழுதிருக்க விதம் ஒத்துப்போகலன்னா சந்தேகப்படுங்க. நெறைய தடவ சேனல்காரனே "இது எங்க கார்டு இல்ல"ன்னு போட்டிருப்பான், அத எவனும் பார்வர்ட் பண்ணதில்ல.

வீடியோன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க. ஆளு மூஞ்சி இருக்க ஃப்ரேமவிட கடை போர்டு, பஸ் கலரு, போலீஸ் தொப்பி, நம்பர் பிளேட்டு தெரியுத ஃப்ரேமா எடுங்க. "நெல்லையில் பயங்கரம்"னு போட்டிருப்பான், ஓடுத வண்டில ஒண்ணுல கூட டிஎன் 72 இருக்காது, போர்டு பூரா வேற பாஷையா இருக்கும். 2023 மார்ச்ல இதான நடந்துச்சு. தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளிகள அடிச்சு கொல்லுதாங்கன்னு வடக்க வீடியோ பரவி, சம்பந்தமே இல்லாத வேற எடத்து அடிதடி எல்லாம் நம்ம தலைல கட்டுனானுவ. பீகார் கவர்மெண்டு அதிகாரிங்க குழுவையே அனுப்பி பாத்துட்டு போச்சு. எங்க தெருமுக்குல புரோட்டாக்கடைல வேல பாத்த ரெண்டு பீகார் பையனுவ, இங்கயே நம்ம கூடயே இருந்தவனுவ, ஊர்லருந்து அவங்க அம்மா அழுது போன் பண்ணுதான்னு கெளம்ப நின்னானுவ. அவனுவளுக்கு நம்மள கண்ணால பாத்தது பெருசா தெரியல, போன்ல பாத்தது பெருசா தெரிஞ்சுட்டு.

கொரலும் மூஞ்சியும் இனிமே சாட்சி கிடையாது. 2018ல காலமான கலைஞர் 2024 ஜனவரில சேலம் திமுக இளைஞரணி மாநாட்டுல ஏஐ மூலமா திரைல பேசுனாரு. அவங்க சொல்லிட்டு செஞ்சாவ, அதனால பிரச்சினை இல்ல. சொல்லாம செய்யுதவன் இருக்கான்லா. இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு, நிஜமாவே ஒரு தலைவரு பேசுன ஆடியோ வெளிய வந்தாலும் "அது ஏஐ"ன்னு தட்டி விட்டுட்டு போயிரலாம். எல்லாமே பொய்யா இருக்கலாம்னு ஜனம் நெனைக்கத் தொடங்குனா லாபம் பொய் சொல்லுதவனுக்கு தான்.

வாட்சப்புல ரெட்ட அம்புக்குறி இருந்தா அது ரொம்ப கை மாறி வந்த சரக்குன்னு அர்த்தம். அது சும்மா வந்ததில்ல. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டத்துல, கோயிலுக்கு வந்த எடத்துல பிள்ளைகளுக்கு சாக்லேட் குடுத்த ஒரு வயசான அம்மாவ, பிள்ள புடிக்க வந்தவன்னு ஊரே சேந்து அடிச்சு கொன்னுட்டு. வாட்சப்புல அப்ப சுத்துன வதந்தி தான் காரணம். நாட்டுல பல எடத்துல இப்படி நடந்தப்பொறவு அந்த வருசம் ஜூலைல இந்தியாவுல ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல பார்வர்ட் பண்ணமுடியாதுன்னு ஆக்குனான், 2020 ஏப்ரல்ல ரெட்ட அம்புக்கு ஒரு சாட்டு தான்னு குறைச்சான். அதையும் தாண்டி நம்ம சித்தப்பாமாரு ஒவ்வொரு குரூப்பா பொறுமையா அனுப்புதாவ, அந்த பொறுமைய மெச்சணும்.

யாரு சொன்னா எத நம்பலாம்

எல்லாத்துக்கும் ஒரே ஆள நம்பப்பிடாது, எவனையுமே நம்பமாட்டேன்னும் இருக்கப்பிடாது. பல்லு வலிக்கு ஒரு ஆளு, மோட்டர் ரிப்பேருக்கு ஒரு ஆளுன்னு வச்சிருக்கோம்லா, அதே மாதிரி செய்திக்கும் பிரிச்சு வச்சுக்கிடுங்க. மழைக்கு சென்னை வானிலை மையம், வெள்ளத்துக்கு கலெக்டர் பேஜு, மாவட்ட உதவிக்கு 1077, மாநிலத்துக்கு 1070. டேமுக்கு நீர்மட்ட கணக்கு. பாபநாசம் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இந்த ரெண்டு நம்பர மனசுல வச்சிருந்தாலே "டேம் நெரம்பி வழியுது"ன்னு வர பாதி வாய்ஸ் நோட்ட அழிச்சிரலாம். தண்ணி தொறக்கது வேற, ஒடையுதது வேற.

அரசியல் செய்திய சரிபாக்கதுக்கு மத்திய அரசுக்கு பிஐபி (பத்திரிகை தகவல் அலுவலகம்) ஃபேக்ட் செக்னு 2019லருந்து இருக்கு, மாநில அரசும் 2023ல தகவல் சரிபார்ப்பகம்னு ஒண்ணு ஆரம்பிச்சிச்சு. ரெண்டையும் பாருங்க, ஆனா தன் அரசாங்கம் சொன்ன பொய்ய அதே அரசாங்கத்து ஆபீஸ் கண்டுபிடிச்சு சொல்லும்னு உக்காந்திருக்காதீங்க. மத்திய அரசு பத்தி ஆன்லைன்ல வர்றதுல எது பொய்னு மத்திய அரசு அமைப்பே முடிவு பண்ணலாம்னு 2023ல கொண்டு வந்த விதிய 2024 செப்டம்பர்ல பம்பாய் ஹைகோர்ட்டு ரத்து பண்ணிட்டு, மாமியார் ஒடச்சா மண்குடம் கதை தான். கட்சிக்காரன் நடத்துத சேனலும் அப்படியே. எதிர்க்கட்சி தப்ப கண்டுபிடிக்கதுல புலியா இருப்பான், அதுக்கு அவன வச்சுக்கிடுங்க, அவன் சொந்த கட்சி தப்புக்கு அடுத்த சேனலுக்கு போங்க.

கருத்துக்கணிப்புக்கு ஒரு வார்த்தை. 2024 பார்லிமெண்ட் தேர்தல்ல, ஜூன் 1 சாயங்காலம் முக்காவாசி சேனலும் தேசிய ஜனநாயக கூட்டணிக்கு 350க்கு மேல, ஒண்ணு ரெண்டு 400ன்னு போட்டானுவ. ஜூன் 4ல வந்தது 293. இந்த ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்து வச்சுக்கிடுங்க, அடுத்த தேர்தலுக்கு ஒதவும். எத்தன பேருகிட்ட கேட்டான், ஓட்டு சதவீதத்த சீட்டா எப்படி மாத்துனான்னு சொல்லாத கணிப்ப கிளி ஜோசியம் மாதிரி பாத்துட்டு போயிரலாம்.

பெரியப்பாகிட்ட எப்படி சொல்லுதது

இது தான் கஷ்டம். நான் மொதல்ல தப்பு தப்பா செஞ்சேன். குரூப்புல எல்லாரும் பாக்க "இது ஃபேக்கு, செக் பண்ணிட்டு போடுங்க"ன்னு லிங்க் போட்டேன். பெரியப்பா மூணு நாளு பேசல, நாலாவது நாளு அதே மாதிரி ஆறு வீடியோ போட்டாவ, வேணும்னே. வயசான மனுசன நாப்பது சொந்தக்காரன் முன்னால மட்டந்தட்டுனா அவ்வோ செய்திய காப்பாத்தமாட்டாவ, மரியாதைய தான் காப்பாத்துவாவ.

இப்போ நான் செய்யுதது இப்படி. தனியா போன் போடுவேன், முடிஞ்சா நேர்ல போவேன், போகும்போது பூந்தி, மிக்சர் ஏதாவது வாங்கிட்டு. உண்மைய மொதல்ல சொல்லிருவேன், "பெரியப்பா, அந்த பாலத்துக்கு டெண்டரே இன்னும் விடலையாம்"னு. அப்பறம் தான் அந்த வீடியோ பேச்சு. பொய்ய மொதல்ல எடுத்து 'இது பொய்'னு சொன்னா மனசுல அந்த பொய்யே தங்கிருமோன்னு எனக்கு ஒரு பயம், மேல சொன்ன 1977 கதை மாதிரி. அவ்வோ கட்சிய தொடமாட்டேன். என் கட்சிக்காரன் சொன்ன ஒரு பொய்யையும் சேத்து சொல்லுவேன், "இதுல நானும் ஏமாந்தேன் பெரியப்பா"ன்னு, அந்த 2000 ரூவா சிப்பு கதைய பத்து தடவையாவது வித்திருப்பேன். கடைசியா ஒரே கேள்வி, "அந்த எடத்துல நமக்கு தெரிஞ்ச ஆளு யாரு இருக்காவ?" ராதாபுரம்னா ஒரு சித்தி, நாங்குநேரின்னா கூட படிச்சவன், அம்பாசமுத்திரம்னா கொழுந்தியா வீடு. இந்த மாவட்டத்துல சொந்தம் இல்லாத ஊரு எவனுக்கு இருக்கு.

போன மாசம் பெரியப்பா குரூப்புல ஒரு வீடியோ போட்டாவ, கீழ "உண்மையான்னு தெரியல, யாராவது கேட்டு சொல்லுங்க"ன்னு ஒரு வரி. நான் பதில் போடல, லைக்கும் போடல, திருஷ்டி பட்டுரும்னு. சாயங்காலம் வி.கே.புரம் மாமா தான் எனக்கு போன் போட்டாவ. "மாப்ள, ஒங்க பெரியப்பா இப்ப தெனமும் காலைல ஏழு மணிக்கு கூப்பிட்டு டேம் எத்தன அடின்னு கேக்காவ, நேத்து டெல்லில ஏதோ மந்திரிசபை மாத்தமாம், அதையும் எங்கிட்ட கேக்காவ, நான் வி.கே.புரத்துல இருந்துட்டு எங்கவே போயி பாக்க?"